பாயும் கண், நிலைக்கும் கண்

ஆரணியில் பட்டுத்தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளரின் கைத்திறனை நாம் வியந்து போற்றுகிறோம். அவர்தம் கண்கள் ஆற்றும் பணியையோ எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நாடா ஓடும் திசையெல்லாம் அவை பாய்கின்றன. பாவில் ஓர் இழை அறுந்தால் அந்த இடத்தில் அசையாது நிலைக்கின்றன. பாய்தல் வேறு, நிலைத்தல் வேறு. இவ்விரண்டையும் படைத்தவர் எத்துணை நுட்பமாக அமைத்துள்ளார் என்பதை நாம் அறிந்திருப்பது நலம். நம் பிள்ளைகளின் பார்வையும் அதனைச் சார்ந்தது.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் திருப்புகின்றன. அவற்றுக்கு ஆணையிடும் இயக்க நரம்பணுக்கள் மூளைத்தண்டில் உள்ளன. அங்கிருந்து மூன்று நரம்புகள் கண்ணுக்கு வருகின்றன. ஆறாம் மண்டை நரம்பு கண்ணை வெளிப்புறம் திருப்பும் தசைக்கும், நான்காம் நரம்பு படியிறங்குகையில் கீழ்நோக்க உதவும் தசைக்கும் உரியவை. ஏனைய நான்கும் மூன்றாம் நரம்பின் பொறுப்பு. மேலிமையை உயர்த்துவதும் அதுவே. தொடைத்தசையில் ஒரு நரம்பணு பல நூறு தசையிழைகளை ஏவும். கண்ணிலோ ஒரு நரம்பணுவின் கீழ் மிகச் சில இழைகளே உள்ளன. நுண்ணிய அசைவு கைகூடுவது இதனாலன்றோ!

கண் பாய வேண்டுமாயின், நரம்பணு முதலில் கணநேரம் மிக விரைவாகத் துடிப்புகளை அனுப்புகிறது. கண் இடம் சேர்ந்ததும் துடிப்புக் குறைகிறது, ஆயினும் நின்றுவிடுவதில்லை. நின்றுவிட்டால் கண் பழைய இடத்திற்கே வழுக்கிவிடும். அமெரிக்க அறிஞர் டேவிட் ராபின்சன் 1970இல் குரங்குகளின் நரம்பணுக்களை ஆராய்ந்து இதனை விளக்கினார். பின்னர் 2001இல் மியூனிக் நகரின் பியூட்னர்-எனெவர் அம்மையாரும் துணைவர்களும் மற்றோர் உண்மையைக் காட்டினர். விரைந்து சுருங்கும் இழைகளுக்கு ஒருவகை நரம்பணுக்கள். மெல்லச் சுருங்கி எளிதில் களைப்படையாத இழைகளுக்கு வேறுவகை நரம்பணுக்கள். இவை மூளைத்தண்டில் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. பின்னவை பார்வையை நிலைநிறுத்தத் துணைபுரிவன என்று கருதுகின்றனர்.

இரு கண்களும் சேர்ந்து திரும்புவது அதனினும் வியப்பு. வலப்புறம் நோக்கும்போது, வலப்பக்க ஆறாம் நரம்பின் மையம் வலக்கண்ணை வெளியே இழுக்கிறது. அதே மையத்திலுள்ள வேறு சில அணுக்கள் எதிர்ப்பக்கத்து மூன்றாம் நரம்பு மையத்திற்குச் செய்தி அனுப்பி, இடக்கண்ணை உள்ளே இழுக்கச் செய்கின்றன. கோர்வைப் புடவை நெய்கையில் நெசவாளரும் துணையாளரும் இசைந்து நாடா செலுத்துவதை இதற்கு ஒப்பிடலாம்.

இந்த இசைவு குலைந்தால் மாறுகண் தோன்றும். நரம்புக் கோளாறு மட்டுமே காரணமன்று. பல குழந்தைகளுக்குத் தூரப்பார்வைக் குறையே காரணமாகிறது, கண்ணாடி அணிந்தாலே பெரிதும் சீராகிவிடும். ஆனால் நம் ஊர்களில் "மாறுகண் அதிர்ஷ்டம்" என்று சொல்லி வாளாவிருப்போர் இன்னும் உளர். இது வெறும் மூடநம்பிக்கை மட்டுமன்று, தீங்கும் ஆகும். இரண்டு உருவங்கள் தெரிவதைத் தவிர்க்க, குழந்தையின் மூளை ஒரு கண்ணின் காட்சியைப் புறக்கணிக்கத் தொடங்கும். நாளடைவில் நோயற்ற அக்கண் பார்வை குன்றிப்போகும். ஏறத்தாழ ஏழு வயதிற்குள் சிகிச்சை பெற்றால் பயன் மிகுதி. வயது ஏற ஏறப் பயன் குறையும்.

பெரியவர்களுக்குத் திடீரென ஓர் இழை இரண்டாகத் தெரிந்தால் வேறு பொருள். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு ஆறாம் நரம்பு தளர்வதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் குணமாகும். கடுந்தலைவலியோடு இமை சரிந்து, கண்மணியும் விரிந்திருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஷெல் மருத்துவமனை, அன்னை ஐடா ஸ்கடரால் 1902இல் தொடங்கப்பெற்றது. பின்னாளில் கண் மருத்துவத்திற்குப் பெயர் பெற்ற அது, வேலூரின் ஆரணிச் சாலையிலேயே அமைந்துள்ளது. டிசம்பர் 13இல் புனித லூசியாவின் விழாவன்று கண்களுக்காக மன்றாடும் இல்லத்தார், அவ்வாரமே பிள்ளையைக் கண் மருத்துவரிடம் காட்டலாம். மருத்துவர் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைக்கச் சொல்லக்கூடும். பிள்ளை அழும், ஒட்டியதைப் பிய்த்தெறியும். அந்நேரத்தில் படம் வரையவோ மணி கோக்கவோ கொடுத்தால், மறந்து உட்கார்ந்திருக்கும்.