காற்றுக்கு முகம் காட்டாத சைக்கிள்

டீ ஆறட்டும், அதற்குள் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றே இல்லாத காலைப்பொழுதில், மேடு பள்ளமில்லாத சாலையில் சைக்கிள் மிதிக்கிறீர்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வரை சிரமம் தெரிவதில்லை. 25ஐத் தாண்டினால் மூச்சு வாங்குகிறது. 35ஐ எட்டி அங்கேயே நிற்க வேண்டுமென்றால் நல்ல பயிற்சி வேண்டும். செயினுக்கு எண்ணெய் விட்டாலும், டயரை இறுக்கிக் காற்றடித்தாலும் கூடுவது கொஞ்சம்தான். அந்த வேகத்தில் காலின் உழைப்பில் பெரும்பங்கைத் தின்பது எதிரே நிற்கும் காற்று.

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். அந்த நாலு மடங்கு எதிர்ப்பை, ஒவ்வொரு விநாடியும் முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஆக, காற்றுக்காக மட்டும் கால் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: உங்கள் கால் எப்படியோ இரண்டு மடங்கு வலுவாகிவிட்டது என்றாலும் வேகம் கால்பங்குக்குச் சற்று மேலேதான் கூடும். வேகத்தைக் காலில் தேடிப் பயனில்லை என்று சிலர் கண்டுகொண்டது இந்த இடத்தில்தான். அவர்கள் உடம்பை எப்படி வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருப்பீர்கள். உள்ளங்கையைக் காற்றுக்குக் காட்டினால் கை பின்னுக்குப் போகும். தட்டையாகத் திருப்பினால் காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் ஓட்டுகிறவர் மார்பு, தோள், முகம், தொடை எல்லாவற்றையும் உள்ளங்கை மாதிரி விரித்துக் காட்டுகிறார். அதைவிடப் பெரிய செலவு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பைச் சுற்றி விலகிய காற்று பின்னால் வந்து சட்டென்று மூடிக்கொள்ள முடிவதில்லை. அங்கே சுழிந்து கலங்குகிறது, அழுத்தம் குறைகிறது, அந்த இடம் அவரைப் பின்னோக்கி இழுக்கிறது. மல்லாந்து சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதித்தால் முன்னே காட்டும் பரப்பும் குறையும், பின்னே கிடக்கும் குழப்பமும் குறையும்.

இதைச் செய்து காட்டியவர் பிரான்சின் சார்ல் மொஷே. மகனுக்காகச் செய்த பெடல் காரிலிருந்து தொடங்கி, பெரியவர்கள் இருவர் உட்கார்ந்து மிதிக்கும் நாலு சக்கர வண்டி வரை வந்தார். அது வேகமாகத்தான் ஓடியது, ஆனால் வளைவுகளில் நிலைகொள்ளவில்லை. அதை நீளவாக்கில் பாதியாக்கி இரண்டு சக்கரத்தில் நிறுத்தியபோது பிறந்ததுதான் சாய்ந்து மிதிக்கும் அவருடைய சைக்கிள். பிரான்சிஸ் ஃபோர் என்ற பந்தய வீரர் அதில் ஏறினார். முதல் வரிசை வீரர்களில் ஒருவராக யாரும் அவரை நினைத்ததில்லை. 1933 ஜூலை 7 அன்று பாரிஸின் பந்தயத் தடத்தில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். சுவிட்சர்லாந்தின் ஆஸ்கர் எக் 1914இல் வைத்து, 19 ஆண்டுகள் யாராலும் நெருங்கமுடியாதிருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று விழுந்தது.

விழுந்தது சாதனை மட்டும்தானா, சைக்கிள் என்பதற்கான வரையறையுமா என்ற கேள்வி உலக சைக்கிள் சங்கமான யுசிஐயின் முன் வந்தது. பெடல் அச்சு எங்கே இருக்க வேண்டும், இருக்கை அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கலாம் என்று அளவுகளை வகுத்து, 1934இல் சாய்ந்து மிதிக்கும் வண்டியைப் பந்தயச் சைக்கிள்களின் கணக்கிலிருந்து வெளியே வைத்தார்கள். மொஷே அதே ஆண்டு காலமானார். அவருடைய மகன் ஜார்ஜ் வேலையைக் கைவிடவில்லை. வண்டியைச் சுற்றி மூடிய கூடு ஒன்றை அமைத்தார். 1939இல் அதே ஃபோர் அதற்குள் படுத்து ஒரு மணி நேரத்தில் 50.537 கிலோமீட்டர் போனார். வழக்கமான வடிவச் சைக்கிளில் 50ஐத் தாண்ட 1984இல் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் வர வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளி!

யுசிஐயின் முடிவில் ஒரு நியாயம் இருக்கிறது; அதை மறுக்க எனக்கு மனமில்லை. பந்தயம் என்பது ஆளுக்கும் ஆளுக்கும் நடக்க வேண்டும், பட்டறைக்கும் பட்டறைக்கும் அல்ல என்பது நல்ல வாதம். ஆனால் சாய்ந்து மிதிக்கும் வண்டிக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கலாம். கதவையே சாத்தியதால் பந்தயத்தில் ஓடாத வடிவம் கடைக்கும் வரவில்லை, கம்பெனிகளும் அதில் பணம் போடவில்லை. 1970களில் கலிஃபோர்னியாவில் செஸ்டர் கைல் முதலானவர்கள் வடிவத்துக்குக் கட்டுப்பாடே இல்லாத போட்டிகளை நடத்தத் தொடங்கிய பிறகுதான் இந்த வண்டிகளுக்கு மறுவாழ்வு வந்தது. 1986இல் அமெரிக்காவின் ஃபிரெட் மார்க்கம் மணிக்கு 105 கிலோமீட்டரைத் தொட்டார்.

இன்று இந்த வண்டிக்காரர்கள் கூடும் இடம் நெவாடா மாநிலத்தின் பேட்டில் மவுன்டன். பாலைவனத்தில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், நேரே கிடக்கும் ஒரு நெடுஞ்சாலை. உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். அதுவும் ஓர் உபகாரம். பல கிலோமீட்டர் மிதித்து வேகமெடுத்து, கடைசியில் 200 மீட்டர் தூரத்தில் மட்டும் நேரத்தைக் கணக்கிடுவார்கள். காற்றின் வேகம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த ஓட்டம் சாதனையில் சேராது.

அங்கே வரும் வண்டிகளில் சக்கரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் நீண்டு கூராக முடியும் கார்பன் நாரிழைக் கூடு. சக்கரங்கள் கீழ்ப்பக்கம் கொஞ்சமே எட்டிப்பார்க்கும். தோளின் அகலம், முழங்கால் மேலேறும் உயரம், கால்விரல் சுழலும் வட்டம் ஆகிய மூன்றும்தான் கூட்டின் அளவைத் தீர்மானிக்கின்றன. அதனால் ஓட்டுபவரின் உடம்பை அளந்துதான் வண்டியே பிறக்கிறது. உள்ளே படுத்தபின் மேல்மூடியை வெளியிலிருந்து மூட வேண்டும். காலைத் தரையில் ஊன்ற வழியில்லை. கிளம்பும்போது தள்ளிவிட ஆள் வேண்டும், நிற்கும்போது பிடித்துக்கொள்ளவும் ஆள் வேண்டும்.

கூட்டின் மேல் காற்று அடுக்கடுக்காக, கலங்காமல் வழுக்கிப் போகும்வரை இழுவை மிகக் குறைவு. எங்காவது ஓர் இடத்தில் கலங்கிவிட்டால், அங்கிருந்து பின்பகுதி முழுக்கக் கலக்கம்தான். ஒட்டிக்கொண்ட பூச்சி, சிறு கீறல், கண்ணாடி பதித்த விளிம்பு, இவை போதும் அதைக் கெடுக்க. கனடாவின் ஏரோவெலோ குழு இதனால் ஈட்டா என்ற தங்கள் வண்டியில் கண்ணாடியையே எடுத்துவிட்டது. வெளியே சிறு கேமரா, உள்ளே கண்ணெதிரே திரை. 2016 செப்டம்பரில் அந்தத் திரையைப் பார்த்தபடி டாட் ரைக்கர்ட் மணிக்கு 144.17 கிலோமீட்டர் போனார். அவர் அந்த வண்டியை வடிவமைத்த பொறியாளர்களில் ஒருவரும்கூட. நிமிர்ந்த பந்தயச் சைக்கிளில் இந்த வேகத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 13 குதிரைசக்தி வருகிறது. 125 சிசி பைக்கின் இன்ஜினே அந்த அளவுக்குத் திணறும். நல்ல வீரர் சில நிமிடங்களுக்குத் தரக்கூடியது அரை குதிரைசக்தியைச் சுற்றித்தான். மீதியை எல்லாம் வடிவம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

மல்லாந்துதான் படுக்க வேண்டும் என்றும் இல்லை. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி குப்புறப் படுத்து ஓட்டினார். 1993இல் தன் கையால் செய்த சைக்கிளில் ஒரு மணி நேர உலக சாதனை வைத்தவர். அதில் அவர் உட்கார்ந்த நிலையை யுசிஐ தடைசெய்தது, அடுத்து அவர் கண்டுபிடித்த நிலையையும் தடைசெய்தது. 2013இல், வயது ஐம்பதை நெருங்கும்போது, வீட்டிலேயே செய்த வண்டியுடன் பேட்டில் மவுன்டனுக்குப் போனார். தோள்பட்டையைத் தாங்கும் பகுதிக்குப் பழைய சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தார். தலை முன்னால், கால் பின்னால், முகம் சாலைக்கு மிக அருகில்! மணிக்கு சுமார் 91 கிலோமீட்டர். மல்லாந்து படுத்தவர்களின் சாதனை அன்றே 133ஐத் தாண்டியிருந்தது என்பது உண்மை. ஆனாலும் அதிகம் பேர் போகாத வழியில் அவர் போட்ட அந்த ஓட்டத்தைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

இத்தனை நன்மை இருந்தும் நம் தெருவில் இவை ஏன் இல்லை? மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. மெதுவாகப் போனால் ஆடும். தாழ்வாக இருப்பதால் லாரிக்காரர் கண்ணில் படாது. இந்தக் குறைகளைச் சமாளித்து, மூன்று சக்கரமும் கூடும் வைத்த வெலோமொபில் என்ற வண்டி நெதர்லாந்தில் ஓடுகிறது. சமதள நாடு, சைக்கிளுக்குத் தனிப்பாதை. அங்கே சிலர் மழையில் நனையாமல், ஊர்விட்டு ஊர் தினமும் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள்.