கட்டையும் பொத்தானும்

“இவர் எத்தனை கட்டைக்குப் பாடுவார்?” என்று கேட்பது நம் இசையரங்குகளில் நெடுநாளைய வழக்கம். ஈண்டுக் கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டையே. மேனாட்டார் ‘ஸி’ என்று குறிப்பதை 1 எனக் கொண்டு, அடுத்தடுத்த வெண்கட்டைகளை எண்ணி, இடைப்பட்ட கருங்கட்டைகளை அரைக் கணக்கில் சேர்த்தனர். ஆடவர் பலர் 1, 2 கட்டையிலும், மகளிர் பலர் 5, 6 கட்டையிலும் பாடுவர். சிறுவர் குரலோ ஆளுக்கொரு வகை. இதனை எண்ணாது ஆசிரியர் தம் குரலுக்கேற்பக் கீபோர்டை அமைத்துவிட, மேல் சட்ஜத்தை எட்டமாட்டாது பள்ளி மேடையில் குழந்தை திகைத்து நிற்பதுண்டு. அது பாட்டு அறியாமையன்று, சுருதி பொருந்தாமை.

எடுத்துச் செல்லத்தக்க கீபோர்டுகள் பலவற்றில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி’ என்ற பெயரோடு சில பொத்தான்கள் உள்ளன. நாம் தேர்ந்த ஒலிவகை, தாளக்கட்டு, வேகம், சுருதிமாற்றம் ஆகியவற்றை ஒருசேரப் பதிந்துகொண்டு, ஒரு தொடுதலில் மீட்டுத் தருவன இவை. 4 பொத்தான்கள், 8 தொகுதிகள் எனில் 32 அமைப்புகள். முன்னாளில் இவ்வசதி இல்லை. 1970-இல் வந்த மினிமோக் கருவியை இசைத்தோர், திருகுகள் நின்ற நிலையைத் தாளில் குறித்துவைத்து, மறுமுறை அதைப் பார்த்துத் திருப்பினர். 1978-இல் வந்த பிராபெட்-5 தான் நுண்செயலியின் துணையால் 40 அமைப்புகளைத் தன்னுள்ளேயே நினைவிற் கொண்டது.

ஆசிரியர்கள் இப்பொத்தான்களைப் பாட்டுக்கு ஒன்றாக ஒதுக்குவதே பெருவழக்கு. குரலுக்கு ஒன்றாக ஒதுக்குதலே தக்கது என்பது என் கருத்து. விரல் வழக்கம்போல் 1 கட்டையிலேயே சட்ஜத்தை வாசிக்கட்டும். 5 கட்டைக் குரலுக்குச் சுருதிமாற்றத்தை 7 அரைச்சுரம் ஏற்றினாலும், 5 அரைச்சுரம் இறக்கினாலும் ஒரே சுரம் கிட்டும். ஸ்தாயி மட்டுமே வேறுபடும். பாட்டின் மிக உயர்ந்த இடத்தையும் மிகத் தாழ்ந்த இடத்தையும் குழந்தையைப் பாடச் செய்து, இரண்டும் எளிதாய் வரும் கட்டையைக் கண்டபின் பதிக. (பழைய ஆர்மோனிய வித்துவான்கள் இதனைச் சோம்பர் வேலையென்று நகைப்பர். எக்கட்டையிலும் சட்ஜம் வைத்து வாசிக்கும் விரல்வன்மை அவர்களுடையது. நமக்கோ விழாவுக்கு இரண்டு வாரமே இருக்கும்!)

புதிய பதிவு, அப்பொத்தானில் முன்பிருந்ததை அழித்துவிடும். பல கருவிகள் நம்மைக் கேட்பதுமில்லை. பதிந்தபின் கருவியை அணைத்து மீண்டும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். மலிவான சில கருவிகள் மின்சாரம் நின்றதும் யாவற்றையும் மறந்துவிடும்.

சுருதி பொருந்தினும் சுரம் பொருந்திற்றா என்பது வேறு வினா. கீபோர்டு ஒரு ஸ்தாயியை 12 சமக்கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 100 செண்டு வைக்கின்றது. தம்பூராவின் ஓசையில் தானே எழும் அந்தர காந்தாரம் ஏறத்தாழ 386 செண்டு; கீபோர்டிலோ 400. பஞ்சமத்தில் வேறுபாடு 2 செண்டே, செவி பொறுத்துக்கொள்ளும். காந்தாரத்தின் 14 செண்டைப் பயின்ற செவி பொறாது. ‘ஸ்கேல் ட்யூனிங்’ உள்ள கருவிகளில் அக்கட்டையை மட்டும் 14 செண்டு இறக்கலாம். சிலவற்றில் அதனையும் அதே பொத்தானில் பதியலாம். ஆனால் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தை இப்பொத்தான்கள் தாரா. அவ்விடங்களில் வலக்கையை எடுத்துவிட்டு, சட்ஜ பஞ்சமத்தை மட்டும் மெல்ல ஒலிக்கவிட்டுக் குழந்தையைப் பாடவிடுவது நன்று.