ஒற்றைக் கண்ணால் 6 சதம் அடித்த நவாப்!
பட்டம் பறிபோன பிறகும் சேப்பாக்கத்தில் வெளுத்துக் கட்டினார்

1961-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி இரவு. இங்கிலாந்தில் ஓவ் நகரின் கடற்கரை ரோடு.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக கிரிக்கெட் வீரர்கள் சாப்பாடு முடிந்து காரில் திரும்பினார்கள். ஓட்டல் பக்கத்தில்தான். சிலர் இறங்கி நடந்தார்கள். ஒரு வாலிபர் மட்டும் காரிலேயே இருந்துவிட்டார். கொஞ்ச தூரம்கூட போகவில்லை. குறுக்கே வந்த இன்னொரு கார் மீது மோதியது. கண்ணாடிச் சில்லு ஒன்று வாலிபரின் வலது கண்ணில் பாய்ந்தது.

அவர்தான் பட்டோடி நவாப் மன்சூர் அலிகான். அப்போது வயது 20. அவரைப் பற்றிய விவரம் வருமாறு:-

பிறந்த நாளில் சாவு

டெல்லி அருகே, இன்றைய அரியானாவில் இருந்த குட்டி சமஸ்தானம் பட்டோடி. மன்சூரின் தந்தை இப்திகார் அலிகான், இங்கிலாந்துக்கும் ஆடினார், இந்தியாவுக்கும் ஆடினார். 1952 ஜனவரி 5-ந் தேதி போலோ விளையாடும்போது இறந்தார். அன்று மன்சூருக்கு 11-வது பிறந்த நாள். கேக் வெட்ட வேண்டிய பையன் நவாப் ஆனான்.

ஒரு பந்து, இரண்டாகத் தெரிந்தது

சங்ககிரி லாரி டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரு கண்ணை மூடிக்கிட்டா, எதிரே வர்ற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்குதுன்னு மட்டுப்படாது. பட்டோடிக்கும் அதே கதி. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் மேஜையில் கொட்டியது. சிகரெட் பற்ற வைத்தால் நெருப்பு தள்ளிப் போனது.

அதே ஆண்டு ஐதராபாத்தில் இங்கிலாந்து அணியுடன் ஒரு ஆட்டம். கண்ணில் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். வந்தது ஒரு பந்து. தெரிந்தது இரண்டு! டீ இடைவேளையில் லென்சைக் கழற்றினார். தொப்பியை வலது கண் மேல் இழுத்துவிட்டு ஆடினார். 70 ரன் எடுத்தார்.

விபத்து நடந்து 6 மாதம்கூட ஆகவில்லை. டிசம்பரில் டெல்லியில் முதல் டெஸ்ட் ஆடினார். அடுத்த மாதம், 1962 ஜனவரியில், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் 103 ரன் குவித்தார். அதுதான் அவருடைய முதல் டெஸ்ட் சதம். அந்த ஆட்டத்தில் இந்தியா 128 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இங்கிலாந்திடம் முதல் முறையாகத் தொடரைக் கைப்பற்றியது.

21 வயதில் கேப்டன்

இரண்டே மாதத்தில் இன்னொரு விபத்து. இந்த முறை அடிபட்டவர் கேப்டன் நாரி கான்ட்ராக்டர். பார்படாசில் கிரிபித் வீசிய பந்து தாக்கி மண்டை உடைந்தது. துணைக் கேப்டன் பட்டோடி தலையில் பொறுப்பு விழுந்தது. அப்போது வயது 21. உலகிலேயே மிக இளைய டெஸ்ட் கேப்டன் என்ற அந்தச் சாதனை 2004 வரை நின்றது.

1964-ல் டெல்லியில் இங்கிலாந்துக்கு எதிராக 203 ரன் எடுத்து அவுட் ஆகாமல் நின்றார். 1968-ல் நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 3-1 என வீழ்த்தினார். வெளிநாட்டில் இந்தியா ஜெயித்த முதல் தொடர் அது.

மூன்று அடி

1971-ம் ஆண்டு பட்டோடிக்குப் போதாத காலம். தேர்வுக் குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்ட் போட்ட ஒரே ஓட்டில் கேப்டன் பதவி அஜித் வடேகருக்குப் போனது. பார்லிமெண்ட் தேர்தலில் குர்கானில் நின்றார். தோற்றார். ஆண்டுக் கடைசியில் மன்னர் மானியத்தையும் பட்டங்களையும் மத்திய அரசு ஒழித்தது. நவாப், வெறும் மன்சூர் அலிகான் ஆனார்.

'இனி இவர் எங்கே ஆடப் போறார்?' என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1973 ஜனவரியில் சேப்பாக்கத்துக்கு வந்தார். கேப்டன் வடேகர். பட்டோடி சாதாரண ஆட்டக்காரர். இங்கிலாந்து பந்து வீச்சை விளாசி 73 ரன் எடுத்தார். இந்தியா 4 விக்கெட்டில் வென்றது.

1975-ல் ஓய்வு பெற்றார். மொத்தம் 46 டெஸ்ட், 2,793 ரன், 6 சதம். அத்தனையும் அந்த விபத்துக்குப் பிறகு எடுத்தவை.

கோர்ட்டுப் படியும் ஏறினார். 2005-ல் அரியானாவில் மான் வேட்டை வழக்கில் சிக்கி, கோர்ட்டில் சரண் அடைந்து ஜாமீனில் வந்தார். வழக்கு முடியும் முன்பே, 2011 செப்டம்பர் 22-ந் தேதி டெல்லியில் நுரையீரல் நோயால் காலமானார். வயது 70.

மனைவி நடிகை ஷர்மிளா தாகூர். மகன் இந்தி நடிகர் சயீப் அலிகான்.

பட்டோடியிடம் பார்வையோடு மிச்சம் இருந்தது இடது கண் ஒன்றுதான். அவருடைய விருப்பப்படி அது தானமாகக் கொடுக்கப்பட்டது.