கீழே போட்ட ஊசி, மேலே ஏறும் அழுத்தம்

பூம்பாறையில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறவருக்குக் கண்ணில் ஊசி என்றால் அன்றைய கூலி போயிற்று. கொடைக்கானல் வந்து, வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும். “ஊசியும் போட்டாச்சு, லேசரும் வெச்சாச்சு, இனி எதுக்கு?” என்று அடுத்த தேதியைத் தள்ளிப்போடுவது இதனால்தான். ஸ்டீராய்டு ஊசியில் ஆபத்து ஒளிந்திருப்பது அந்த விட்டுப்போன தேதியில்.

சர்க்கரை முற்றினால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, நடுப்பகுதியான மாக்குலா வீங்கும். லேசர் கசிவை அடைக்கும். ட்ரையம்சினோலோன் போன்ற ஸ்டீராய்டு வீக்கத்தை வற்றவைக்கும். சேர்த்துச் செய்தால் இரட்டைப் பலன் கிடைக்குமா? அமெரிக்காவில் 854 கண்களில் சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டில், லேசர் மட்டும் பெற்ற கண்களைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவை மேலாக இல்லை. ரானிபிசுமாப் என்ற வேறொரு மருந்தின் ஊசியோடு லேசர் பெற்றவையே முந்தின. புரை அறுவை செய்து லென்ஸ் வைத்த கண்களில் மட்டும் ஸ்டீராய்டு அதற்கு ஏறக்குறைய ஈடுகொடுத்தது. ஸ்டீராய்டு புரையை வளர்க்கும். லென்ஸ் வைத்த கண்ணில் வளரப் புரை ஏது?

ஆகவே ஸ்டீராய்டை ஒதுக்கிவிடவும் முடியாது. மற்ற ஊசிக்கு அடங்காத வீக்கம், மாதாமாதம் வர முடியாத நோயாளி என்று அதற்கும் இடமுண்டு. இரண்டாவது காரணம் மலைக்காரர்களுக்கென்றே சொன்னது போலிருக்கும். ஆனால் ஊசிக்கு வராவிட்டாலும் பரிசோதனைக்கு வந்தே ஆகவேண்டும். ட்ரையம்சினோலோன் போட்ட மூவரில் ஒருவருக்காவது சில வாரங்களிலோ சில மாதங்களிலோ கண் அழுத்தம் ஏறுகிறது. வலிக்காது, சிவக்காது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பு கெடும், கெட்டது மீளாது. அழுத்தம் அளக்க ரெட்டினா மருத்துவரேதான் வேண்டும் என்பதில்லை. பழனியிலோ வத்தலக்குண்டிலோ ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளலாமா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள். ஊசி போட்ட சில நாளில் வலியும் சிவப்பும் வந்து பார்வை மங்கினால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

என்ன மருந்து, ஏன், வேறு வழி என்ன, என்ன கெடலாம் என்பதைச் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து சம்மதமாகாது. சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னதன் சாரம் இது. உள்நோயாளியாக இருந்தவர் சிகிச்சைப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. அலட்சியத்தால் கண் கெட்டிருந்தால், பணம் கட்டிப் பெற்ற சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுக்குள் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைக்கு இந்த வழி இல்லை. அங்கே மருத்துவர் மீது தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். ஆனால் ஒன்று: பலன் கிடைக்கவில்லை என்பதே அலட்சியமாகிவிடாது.

ஊசியும் லேசரும் முடிந்து மலையேறத் தடையில்லை. நோய் முற்றி அறுவை செய்து, கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தால் கதை வேறு. உயரம் ஏற ஏற வாயு விரியும், அழுத்தம் பார்வையையே பறிக்கலாம். குமிழி கரைய, வாயுவைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். அதுவரை கீழேயே யார் வீட்டிலாவது தங்கவேண்டும். கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். ஊர்ப்பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, “மலைக்குத்தான் திரும்பிப் போகணும் டாக்டர்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.