அலமாரி வந்தாச்சு... ஆயுதம் இருக்கா?

ஒரு காலத்தில் கல்யாணச் சீராக இரும்பு பீரோ வந்து இறங்கினால் தெருவே திரண்டுவிடும். "பிடி... பிடி... சாய்க்காதே!" என்று ஆறு பேர் மாடிப்படியில் மல்லுக்கட்டுவார்கள். ஏழாவதாக ஓர் ஆசாமி, கை வைக்காமல் கீழே நின்று யோசனை மட்டும் சொல்வார். இன்றைக்கு கட்டில், துணி அலமாரி, கம்ப்யூட்டர் மேஜை எல்லாமே தட்டையான அட்டைப்பெட்டியில் வந்துவிடுகின்றன. டெலிவரி பையன் வாசலில் சாய்த்து வைத்து, ஓ.டி.பி. நம்பரைக் கேட்டுக்கொண்டு பறந்துவிடுகிறான். பிரித்தால் ஏழெட்டுப் பலகைகள், ஒரு பை நிறைய சில்லறை சாமான்கள், ஒரு பொம்மைப் புத்தகம். (அதில் சிரித்துக்கொண்டே மாட்டும் பொம்மை மனிதனைப் பார்த்தால் நமக்குப் பற்றிக்கொண்டு வரும்!)

அடியேன் படித்தது பி.காம். ஆனாலும் இரண்டு புத்தக அலமாரி, ஒரு துணி அலமாரி, ஒரு மேஜை என்று நாலு உருப்படிகள் என் கையால் எழுந்து, இன்றுவரை ஆடாமல் நிற்கின்றன. பெரிய வித்தை ஒன்றும் இல்லை சார். சரியான கருவி கையில் இருந்தது, அவ்வளவுதான்!

இது நேற்று முளைத்த சமாச்சாரமும் இல்லை. வியன்னாவின் தோனெட் கம்பெனி 1859-ல் கொண்டுவந்த 14-ம் நம்பர் நாற்காலி என்பது 6 மரத்துண்டு, 10 ஸ்க்ரூ, 2 நட். ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைக் கழற்றி அடுக்கிக் கப்பலேற்றினார்கள். அப்புறம் 1956-ல், ஸ்வீடனின் ஐகியா கம்பெனியில் கில்லிஸ் லண்ட்கிரன் என்பவர், காரில் நுழைய மறுத்த ஒரு மேஜையின் கால்களைக் கழற்றினார். அந்தக் கம்பெனியின் தலையெழுத்தே மாறியது. 2018-ல் ஹைதராபாத்தில் அவர்கள் கடை திறந்தபோது உள்ளே நுழையத் திருவிழாக் கூட்டம்!

சரி, கருவிகளுக்கு வருவோம்.

எந்த ஸ்டார் வேணும் தம்பி?

ஹார்டுவேர் கடையில் போய் "ஒரு ஸ்டார் திருப்புளி கொடுங்க" என்றேன். கடைக்கார அண்ணாச்சி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "எத்தனாம் நம்பர்?" என்றார். நியாயமான கேள்வி. ஸ்டார் முனையில் 1, 2, 3 என்று சைஸ் உண்டு. வீட்டு பர்னிச்சருக்குப் பெரும்பாலும் 2-ம் நம்பர்தான்.

இதிலும் ஒரு சூட்சுமம். சாதாரண ஸ்டார், பிலிப்ஸ் வகை. 1930-களில் அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் பிரபலமாக்கியது. அதன் ஒன்றுவிட்ட தம்பி போஸிடிரைவ். ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறிக்கு நடுவே இன்னொரு மெல்லிய பெருக்கல் குறி கீறியிருந்தால் அது போஸி. பார்க்க அண்ணன், தம்பி இருவரும் ஒரே ஜாடை. ஆனால் பிலிப்ஸ் முனையைப் போஸி தலையில் வைத்து அழுத்தினால் வழுக்கும், நாலு தடவையில் தலை மழுங்கும். ஐரோப்பிய பாணி பர்னிச்சர்களில் போஸி நிறைய வரும் என்பதால், முனை மாற்றும் திருப்புளி ஒன்று வாங்கி, இரண்டு வகையிலும் 2-ம் நம்பர் போட்டு வையுங்கள். முனை காந்தமாக இருந்தால் உத்தமம். கட்டிலுக்கடியில் ஓடும் ஸ்க்ரூவைத் துரத்தும் வேலை மிச்சம்!

இலவச எல்-கீ எதுவரை?

பெட்டியோடு ஓசியில் வருமே, ஆறுபட்டை வளைந்த கம்பி, அதுதான் ஆலன் கீ. ஒரு ஸ்டூலுக்கு அது போதும். கட்டிலுக்கு உட்கார்ந்தால் உள்ளங்கை கொப்பளித்துவிடும். கைப்பிடி வைத்த 4 மி.மீ., 5 மி.மீ. கீ இரண்டு இருந்தால் பாதி வேலை பறந்துவிடும். ஒரு முனை உருண்டையாக இருந்தால், மூலைமுடுக்கில் சாய்த்தும் திருப்பலாம். கடைசி இறுக்கலுக்கு மட்டும் தட்டை முனை.

தட்டணும்... ஆனா அடிக்கக் கூடாது!

நண்பர் ஒருவர் இரும்புச் சுத்தியலால் 'லேசாகத்தான்' தட்டினார். வெள்ளை லேமினேட்டில் நிலாவில் உள்ள பள்ளம்போல ஒன்று விழுந்தது. வீட்டுக்கார அம்மா அதன்மேல் ஸ்டிக்கர் பிள்ளையாரை ஒட்டியிருக்கிறார்! பலகைக்குள் மரக் குச்சிகளை இறக்க ரப்பர் சுத்தியல்தான் சரி. அது இல்லையா? பலகை மேல் ஒரு கட்டையை வைத்து, அதன்மேல் தட்டுங்கள்.

ரசமட்டமும் இஞ்ச் டேப்பும்

முதுகுப் பலகையை ஆணியடிப்பதற்கு முன், டேப்பால் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் சட்டம் நேர். வித்தியாசம் இருந்தால் நீளமான மூலைகளைப் பிடித்து லேசாக நெட்டுங்கள். மெல்லிசு அட்டைதானே என்று அலட்சியம் வேண்டாம். அலமாரி கோணாமல் நிற்பதே அந்த முதுகால்தான். நிறுத்தியபின் மேலே ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். கதவு தானாகத் திறந்தால் பேயும் இல்லை பிசாசும் இல்லை, தரை வாட்டம்! ஒரு காலுக்கு ஆப்பு கொடுத்தால் தீர்ந்தது.

பேட்டரி மெஷின் வாங்கலாமா?

வருஷத்துக்கு ஒரு மேஜை என்றால் வேண்டாம். வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவரானால் 12 வோல்ட் போதும். கழுத்தில் நம்பர் போட்ட வளையம் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அதுதான் கிளட்ச். சின்ன நம்பரில் வைத்தால் ஸ்க்ரூ இறுகியதும் 'கடகட'வென்று கத்தி நின்றுவிடும். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளைப் பசையில் அமுக்கிச் செய்தது. அதிகமாக முறுக்கினால் ஓட்டை பொடிப்பொடியாகிவிடும். கடைசி இரண்டு சுற்று எப்போதும் கையால்தான்.

கழற்றிய ஸ்க்ரூவை மறுபடி மாட்டும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். 'டிக்' என்று பழைய மரையில் விழும். அப்புறம் வலப்பக்கம் இறுக்குங்கள். போகிற இடமெல்லாம் அலமாரி கூடவே வரவேண்டுமானால், பசை போட்டு ஒட்டும் வேலையும் வேண்டாம்.

கடைசி ஸ்க்ரூதான் முக்கியம்

இனி விளையாட்டு இல்லை. எல்லாம் மாட்டி முடித்தபின் பையில் ஒரு சின்ன 'எல்' தகடோ நாடாவோ மிஞ்சும். "எக்ஸ்ட்ராவா கொடுத்திருக்கான்" என்று டிராயருக்குள் போட்டுவிடுகிறோம். அலமாரியைச் சுவரோடு கட்டுவதற்கான சாமான் அது.

வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்துப் பாருங்கள். கீழ் டிராயர்களை இழுத்து, படிக்கட்டாக்கி ஏறும். டிராயரின் எடை, குழந்தையின் எடை எல்லாம் முன்னால் வந்துவிட, அலமாரி அப்படியே குப்புறக் கவிழும். அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்த பிறகு, 2016-ல் ஐகியா 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. 2022-ல் அங்கே இதற்கென்று தனிச் சட்டமே வந்தது.

நம் வீட்டுச் செங்கல், கான்கிரீட் சுவர்களில் சாதாரண டிரில் இறங்காது. 'ஹேமர்' வசதி உள்ள மெஷின், கான்கிரீட் பிட், பிட்டின் அளவுக்கே பிளாஸ்டிக் பிளக், இந்த மூன்றும் வேண்டும். 6 மி.மீ. பிட் என்றால் 6 மி.மீ. பிளக். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடாதீர்கள். சுவருக்குள் ஒயர் ஓடும். இதற்காக மெஷின் வாங்க வேண்டும் என்பதில்லை. வாடகைக்கு எடுக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இரண்டே துளை போடச் சொல்லலாம்.

"ஹவுஸ் ஓனர் சுவத்துல ஆணியடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே..." என்கிறீர்களா? நேரே போய் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள். காலி பண்ணும்போது 2 துளையை பட்டி வைத்து அடைக்கக் கொஞ்ச நேரம் போதும். அப்படியும் மசியவில்லை என்றால், உயரமான அலமாரியைக் குழந்தை விளையாடும் அறையில் வைக்காதீர்கள். கனமான சாமான்களை எப்போதும் கீழ்த்தட்டிலேயே அடுக்குங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கப்போகும் முன், ஏற்கெனவே மாட்டிய அலமாரியின் டிராயரைக் கொஞ்சம் துழாவுங்கள். அந்த 'எல்' தகடு அங்கேதான் கிடக்கும்!