இணையச் சேமிப்பும் சங்கப் பேரேடும்

அங்கத்தினரின் பங்குத் தொகை, நூல் இருப்பு, கடன் பாக்கி ஆகியவற்றுக்குப் பேரேடே சாட்சி. இன்று அது பல சங்கங்களில் கம்ப்யூட்டரில் எழுதப்பட்டு, இணையத்தின் வழியே வெளியிலும் சேமிக்கப்படுகிறது. இம்முறையின் நன்மையையும் வரம்பையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

அலுவலகத்தில் வெள்ளமோ திருட்டோ நேரினும் வெளியிலுள்ள பிரதி பிழைக்கும், இதுவே நன்மை. ஆயினும், 'மேகம்' எனப்படும் இச்சேமிப்பு வேறோர் ஊரின் கட்டடத்திலுள்ள இயந்திரங்களேயன்றி வேறன்று. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்ஸ் தேசத்து ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அத்தகைய கட்டடமொன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராதோர் பலர் தகவல்களை அடியோடு இழந்தனர்.

மேலும், இணையத் தொடர்பு அறுந்தால், தணிக்கை நாளன்றும் பேரேடு திறவாது. கூகுள் டிரைவ் போன்றவற்றில் கோப்பு ஓரிடத்தில் அழிக்கப்பட்டால், இணைந்துள்ள மற்றக் கம்ப்யூட்டர்களிலும் மறையும். குப்பைப் பெட்டியில் 30 நாட்களே தங்கும். இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கிவிடவும் அந்நிறுவன விதி இடமளிக்கிறது.

ஆகவே சங்கங்கள் கைக்கொள்ளத்தக்கவை:

1. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒன்று, வேறிடத்தில் பூட்டிவைத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இணையத்தில் ஒன்று என மூன்று பிரதிகள் இருத்தல் வேண்டும்.

2. இணையக் கணக்கு குமாஸ்தாவின் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வைக்க வேண்டும்.

3. மாதமொருமுறை பிரதியைத் திறந்து, பேரேட்டுடன் ஒப்பிட வேண்டும்.

திறந்து பார்க்கப்படாத பிரதியை நம்புதல், எண்ணிப் பாராத ரொக்கத்திற்கு ரசீது எழுதுவதை ஒக்கும். அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் இதனைக் கேட்டறிவது அவர்தம் உரிமை, கடமையுமாகும்.