இரைப்பையே இல்லை, பொருமல் மட்டும் உண்டு

டிசம்பர் கடைசி வாரம், புனே கோத்ரூட்டில் ஓர் அடுக்குமாடி வீடு என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வரும் வீட்டுக்காரர் கண்ணில் படுவது, தொட்டியின் மேல்மட்டத்தில் பந்துபோல மிதக்கும் ஒரு தங்கமீன். வயிறு மேலே, முதுகு கீழே. செத்துவிட்டது என்று வலையை எடுத்தால் செவுள் மூடி அசைகிறது. வலையைக் கண்டதும் முழு மூச்சாகக் கீழே நீந்துகிறது. நீந்துவதை நிறுத்தியதும் தக்கைபோல மறுபடி மேலே வந்துவிடுகிறது. முந்தின நாள் மாலை அதற்கு மூன்று முறை சாப்பாடு விழுந்திருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு முறை, பாட்டி ஒரு முறை, “பாவம், வாயைத் திறந்து திறந்து கேக்குதே” என்று வீட்டுக்காரரே ஒரு முறை.

மீன் வாயைத் திறந்து மூடுவது மூச்சுக்காக. பசிக்காக அல்ல. இந்த ஒரு தவறான அனுதாபத்தால் போன மீன்கள் எத்தனையோ.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு இரைப்பையே கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் இரையை அரைத்து, நேராகக் குடலுக்குள் தள்ளிவிடும். சாப்பிட்டதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து அமிலத்தில் ஊறவைக்கும் பை அங்கே இல்லை. குளத்தில் பொழுது விடிந்ததிலிருந்து பாசியையும் பூச்சியையும் கொறித்துக்கொண்டே திரிவதற்கு அமைந்த உடல் அது. பந்திச் சாப்பாட்டுக்கு அமைந்ததல்ல. ஒரே நேரத்தில் ஒரு பிடி உருண்டைத் தீனி இறங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும், உப்பும்.

குடலுக்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது காற்றுப்பை. மீன் எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்கிறது. தங்கமீனில் இந்தப் பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சிறு குழாய் உண்டு. மிதக்கும் தீனியை மேல்மட்டத்தில் லபக் லபக்கென்று விழுங்கும்போது காற்றும் சேர்ந்தே உள்ளே போகும். உப்பிய குடல் பையை அழுத்த, மீனின் சமநிலை தப்பும். சீனாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நீண்ட உடம்போடு இருந்த கெண்டையைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து உருண்டை உருண்டையாக ஆக்கினார்கள். ஒரான்டா, ரியூக்கின், ராஞ்சு எல்லாம் அப்படி வந்தவை. பார்க்க லட்டுபோல இருக்கும். உள்ளேயோ அதே உறுப்புகள் பாதி இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கடையில் இருப்பதிலேயே குண்டான மீனைக் கேட்டு வாங்குகிறவர், பொருமலையும் சேர்த்தே வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்றால் மிகையில்லை.

இதில் புனேயின் பங்கும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில், தக்காணப் பீடபூமியின் விளிம்பில் இருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரியில் பகலில் 30 டிகிரியைத் தொடும் வெப்பம் விடியற்காலையில் 11, 12க்கு இறங்கும்; சில நாள் ஒற்றை இலக்கம். 1935 ஜனவரியில் 1.7 டிகிரி வரை போயிருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும் தொட்டி அவ்வளவு குளிராது என்றாலும், மேசைமேல் வைக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் அறையின் சூட்டோடு சேர்ந்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நூறு லிட்டர் தொட்டி அத்தனை வேகமாக ஆறாது.

மீனுக்குத் தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. நீர் எவ்வளவு சூடோ, குடலும் அவ்வளவுதான். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் உடலின் வேலை வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பொதுக் கணக்கு. மே மாதத்தில் காலையில் போட்டது மாலைக்குள் செரித்துவிடும். ஜனவரியில் அது மறுநாளும் குடலிலேயே கிடக்கும். வீட்டிலோ தீனி அளவு மே மாதத்தில் இருந்ததேதான். சென்னை கொளத்தூரின் வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய கப்பியும் ஏஞ்சலும் புனேக்கு வந்தால் ஹீட்டர் இல்லாமல் குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம். அவற்றுக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டரும், ஒட்டவைக்கும் சின்ன வெப்பமானியும் போதும். தங்கமீன் குளிரைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த நீரில் அதற்குத் தீனியைக் குறைத்தே ஆக வேண்டும்.

பொருமல் வந்துவிட்டது. இனி?

முதலில் மீனை மேலிருந்து பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லா வயிறும் ஒரே மாதிரிதான் தெரியும். மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் உடம்போடு படிந்திருந்தால், மீன் சுறுசுறுப்பாகவும் இருந்தால், பெரும்பாலும் அது வெறும் செரிமானக் கோளாறு. செதில்கள் ஒவ்வொன்றும் தூக்கிக்கொண்டு நின்றால் கதை வேறு. புனேக்குப் பக்கத்துப் புரந்தர் வட்டாரத்துச் சீத்தாப்பழம் பழுத்ததும் கண்கண்ணாகப் பிரியுமே, அப்படி இருக்கும். இதுதான் மீனுக்கு வரும் மகோதரம். நன்னீர் மீனின் உடம்புக்குள் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் நீர் ஓயாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் அதை ஓயாமல் இறைத்து வெளியே தள்ளுகிறது. கிணற்றில் மோட்டார் நின்றுபோனால் ஊற்று நீர் நிரம்புவதுபோல, சிறுநீரகம் பழுதானால் உடம்பு நீரால் நிரம்பிவிடும். ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா, ஒட்டுண்ணி, நாள்பட்ட கெட்ட தண்ணீர் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். செதில் தூக்கிய பிறகு பிழைப்பவை குறைவு. அந்த மீனை உடனே தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டு, கால்நடை மருத்துவரைத் தேடுவதுதான் வழி.

வயிற்றின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் கட்டியாக இருக்கலாம். மீனுக்கு அறுவை சிகிச்சையா என்று சிரிக்க வேண்டாம். 2014இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜார்ஜ் என்ற பத்து வயதுத் தங்கமீனுக்கு மயக்க மருந்து கலந்த நீரைச் செவுள் வழியே ஓடவிட்டு, தலையில் வளர்ந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள்.

சில வயிறுகள் நோயே அல்ல. கப்பியும் மோலியும் குட்டி போடும் மீன்கள். பெண் மீனின் வயிறு பெருத்து, பின்பக்கம் கருத்த திட்டு தெரிந்தால் அது சினை. பலூன் மோலி என்று விற்பதன் வயிறு பிறவியிலேயே அப்படித்தான். முதுகெலும்பு வளைந்த மீன்களைத் தேர்ந்து பெருக்கி உருவாக்கிய வகை. அதற்கு மருந்து ஊற்றுவது வீண்.

சாதாரணப் பொருமல் என்றால் வைத்தியம் எளிது, செய்வதுதான் கடினம். இரண்டு, மூன்று நாள் தீனியை அடியோடு நிறுத்த வேண்டும். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது மீனுக்கு அப்படியே பொருந்தும். இந்த மூன்று நாளில் மீன் செத்துவிடாது. நன்றாக வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும். வீட்டிலுள்ளவர்கள்தான் தாங்க மாட்டார்கள்.

பட்டினிக்குப் பிறகு பட்டாணி. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் கால்நடைப் பேராசிரியர் கிரெக் லூபார்ட், மிதக்கும் மீன்களுக்குப் பச்சைப் பட்டாணி கொடுப்பதைப் பற்றி மருத்துவர்களுக்கான இதழில் எழுதியபின் இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. புனேயில் இது வசதியும்கூட. மீனுக்குப் பொருமல் வரும் அதே குளிர்காலத்தில்தான் மகாத்மா புலே மண்டைச் சந்தையில் பட்டாணி குவிகிறது. ஒரு பட்டாணியை உப்புப் போடாமல் மெத்தென்று வேகவைத்து, தோலை உரித்து, உள்ளிருக்கும் பருப்பை மீனின் வாய் அளவுக்குக் கிள்ளிப் போட வேண்டும். நீரில் மூழ்கும் என்பதால் மீன் காற்றை விழுங்காமல் தின்னும்; நார்ச்சத்து குடலைத் தள்ளிவிடும். ஒரு மீனுக்கு ஒரு வேளைக்கு ஒரு பட்டாணியே அதிகம்.

ஆனால் பட்டாணி எல்லா மீனுக்கும் அல்ல. ஃபைட்டர் மீன் பூச்சி தின்னி. அதன் இரைப்பை அதன் கண் அளவுதான் என்று வளர்ப்பவர்கள் கணக்குச் சொல்வார்கள். நாளைக்கு நாலைந்து சின்ன உருண்டைத் தீனி போதும். அதற்குப் பொருமல் வந்தால் பட்டினிக்குப் பிறகு டாப்னியா கொடுக்கலாம்; அந்த நீர்த்தெள்ளின் ஓடே மலமிளக்கி. சாக்கடையிலிருந்து அள்ளி வரும் டியூபிபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், நோயும் கூடவே வரும். மலாவி ஏரியிலிருந்து வந்த ஆப்பிரிக்க சிக்லிட் இதற்கு நேர் எதிர். அதில் பல வகை, பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்று நீண்ட குடல் வளர்த்தவை. நிறம் ஏறட்டும் என்று அவற்றுக்கு ரத்தப் புழுவும் மாட்டு இதயமும் போடுவதுண்டு. மாட்டுக் கொழுப்பு மாட்டின் உடல் சூட்டில்தான் இளகும். 26 டிகிரி மீன் குடலில் மெழுகாக நிற்கும். ‘மலாவி பொருமல்’ என்று தனிப் பெயரே வாங்கிய நோய் அது. சைவத்துக்கு அசைவமும் அசைவத்துக்குச் சைவமும் போட்டால் இரண்டுமே படுத்துவிடும்.

பட்டாணிக்கும் அசையாத மலச்சிக்கலுக்குப் பேதி உப்பு உதவும். கடையில் எப்சம் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும், மக்னீசியம் சல்பேட். 20 லிட்டர் நீருக்கு அரைக்கால் தேக்கரண்டி போதும். தனிப் பாத்திரத்தில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். சமையல் உப்பு இந்த வேலையைச் செய்யாது. எதற்கெடுத்தாலும் தொட்டியை நீலமாக்கும் மெத்திலின் புளூவும் செய்யாது. அது பூஞ்சைக்கான மருந்து. மலம் வெள்ளையாக நூல்போலத் தொங்கினால் குடல் ஒட்டுண்ணியாகவும், ஆசனவாயில் சிவப்பு இழைகள் எட்டிப்பார்த்தால் புழுவாகவும் இருக்கலாம். அங்கே கைவைத்தியத்தை நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் போவது நல்லது. மீனின் காணொளி ஒன்று, ஒரு பாட்டில் தொட்டி நீர், தீனி டப்பா மூன்றையும் கையோடு கொண்டுபோனால் அவருக்கு வேலை சுலபம்.

தொட்டி நீரையும் கொண்டுபோகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தின்னாமல் அடியில் அழுகும் தீனி அம்மோனியாவாகும். அது செவுளையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். புனேயின் குழாய் நீர் கடக்வாஸ்லா அணையிலிருந்து குளோரின் கலந்து வருவது. வாகோலி மாதிரி புறநகர்களில் ஒரு வாரம் குழாய், ஒரு வாரம் டேங்கர் என்று மாறி மாறி வரும் நீரைக் குளோரின் நீக்காமல் அப்படியே ஊற்றினால் உடம்பு ஏற்கெனவே தளர்ந்த மீன் தாங்காது. தீனி டப்பாவுக்கும் ஆயுள் உண்டு. மழைக்கால ஈரத்தில் மூடி சரியாக மூடாத டப்பாவில் பூஞ்சை பிடிக்கும், கொழுப்பு காறிப்போகும். பெரிய டப்பா மலிவு என்று வாங்கி ஒரு வருடம் வைத்திருப்பது மலிவே அல்ல.

தீபாவளிக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் தீனி டப்பாவை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நாலு நாள் என்றால் ஒன்றுமே வேண்டாம். அதற்கு மேல் என்றால், ஒன்றுவிட்டு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் காகிதத்தில் மடித்து, தேதி எழுதிக் கொடுங்கள். டப்பா உங்கள் வீட்டு அலமாரியில், பூட்டுக்குள் இருக்கட்டும்.